டபிள்யூடிஎம்-2: ஒரே எஞ்சினுக்கு எத்தனை முகம்?

கேள்வி: ஜூன் 3, மாலை 6.20

"பழைய ரயில் படங்கள் சேர்க்கிறேன். பத்துப் படத்தை எடுத்தால் எட்டில் டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சின் என்றுதான் குறிப்பு இருக்கிறது. ஆனால் ஒன்றின் முகம் இன்னொன்றில் இல்லை. ஒன்றில் ஒற்றை விளக்கு, இன்னொன்றில் இரட்டை விளக்கு. ஒன்றில் கேபினுக்கு முன்னால் உயரமான பெட்டி, இன்னொன்றில் அது பாதி உயரம்தான். கலரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எல்லாம் ஒரே எஞ்சின்தானா? கலரை வைத்து எந்த வருடத்துப் படம் என்று சொல்ல முடியுமா?"

பதில்: ஜூன் 3, இரவு 9.45

கலரை விடுங்கள். இரும்பைப் பாருங்கள்.

எஞ்சினுக்குப் பெயின்ட் அடிப்பது பொங்கலுக்கு வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடிப்பது மாதிரி. எஞ்சினைப் பராமரிக்கும் ஷெட்டுக்கு ஷெட் ஒரு ரசனை. ஒரு ஷெட்டிலிருந்து இன்னொரு ஷெட்டுக்கு மாறினால் சில மாதத்தில் உடை மாறிவிடும். ஒர்க்ஷாப்புக்குப் பெரிய ஓவர்ஹாலுக்குப் போய்வந்தாலும் மாறும். அதை வைத்து வருடம் சொன்னால் பத்து வருடம் முன்பின் ஆகும்.

முதலில் பஃபருக்கு நடுவே, பெட்டியை மாட்டும் கப்ளரின் பக்கத்தில் பாருங்கள். வேக்குவம் (வெற்றிட) பிரேக் காலத்து எஞ்சினில் தடியான, வளையம் வளையமான ரப்பர் ஹோஸ் ஒன்று நிமிர்ந்து நிற்கும். ஏர் (அழுத்தக் காற்று) பிரேக் வந்த பிறகு மெல்லிய ஹோஸ்கள் கீழே தொங்கும், ஒவ்வொன்றுக்கும் திருகு குழாய் மாதிரி ஒரு காக் இருக்கும். இரண்டும் இருந்தால் அது இடைக்காலத்து எஞ்சின், இரண்டு வகை வண்டியையும் இழுக்கும்படி மாற்றியது. அதற்குத்தான் டபிள்யூடிஎம்-2ஏ என்று பெயர். பிறந்ததிலிருந்தே ஏர் பிரேக்கோடு வந்தது 2பி.

பின்னால் வரும் பெட்டிகளும் சாட்சி சொல்லும். செங்கல் சிவப்பு பெட்டி என்றால் பெரும்பாலும் வேக்குவம். நீலப் பெட்டி தொண்ணூறுகளில் ஏர் பிரேக்கோடு பரவியது.

ஜூன் 3, இரவு 10.05

விளக்கை மறந்துவிட்டேனே. ஒற்றைப் பெரிய வட்ட விளக்கு பழையது, இரட்டை பீம் பின்னாளில் வந்தது. மேலே மஞ்சளாக மினுக்கும் பிளாஷர் லைட் இருந்தால் அதுவும் பின்னாளில் பொருத்தியதுதான். பக்கத்துத் தண்டவாளத்தில் ஏதாவது விபரீதம் என்றால் எதிரே வரும் வண்டியை எச்சரிக்க அதைப் போடுவார்கள். அறுபதுகளின் படத்தில் பிளாஷர் தெரிந்தால் குறிப்பில் உள்ள வருடத்தை நம்பாதீர்கள்.

ஜூன் 4, காலை 7.10

எண்ணைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்: 16 வரிசை பழையதா, 18 வரிசை பழையதா?

18 தான் பழையது. டபிள்யூடிஎம்-2 எண்கள் 18 ஆயிரத்தில் தொடங்கின. அது தீர்ந்ததும் 17 ஆயிரத்துக்கு வந்தன. அதுவும் தீர்ந்து 16 ஆயிரத்துக்கு இறங்கின. புதிதாக வருகிறவர் எல்லோரும் இதில் ஒரு தடவை குழம்புவார்கள். அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து 1962-இல் வந்தவை, வாரணாசி டீசல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸில் பாகங்களைக் கோத்துச் செய்தவை எல்லாம் 18 வரிசை. வாரணாசியில் கோத்த முதல் எஞ்சின் 18233. ஆல்கோ 1969-இல் எஞ்சின் செய்வதையே நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அந்த வடிவத்தை இங்கே வார்த்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேல் டபிள்யூடிஎம்-2 ஓடியிருக்கின்றன. அத்தனை எஞ்சினும் ஒரே முகத்தோடு இருந்தால்தான் ஆச்சரியம்.

ஜூன் 5, இரவு 11.30

இரண்டு நாளாக இந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. விளக்கு, ஹோஸ் எல்லாம் சில்லறை. முகம் ஏன் மாறியது என்பதற்கு ஒரே ஒரு பெரிய காரணம் உண்டு. டிரைவர் எங்கே உட்கார்ந்தார், அவருக்கு என்ன தெரிந்தது என்பதுதான் அது. நம் டீசல்களின் தோற்றத்தில் வந்த பெரிய மாற்றம் எதை எடுத்தாலும் அங்கேதான் போய் நிற்கிறது.

டபிள்யூடிஎம்-2-க்கு ஒரே கேபின். அதுவும் நட்ட நடுவிலும் இல்லை, ஓரத்திலும் இல்லை. ஒரு பக்கம் குட்டைப் பெட்டி, அதுதான் ஷார்ட் ஹூட். மறுபக்கம் 16 சிலிண்டர் டீசல், ஜெனரேட்டர், ரேடியேட்டர் எல்லாம் அடங்கிய நீளப் பெட்டி, லாங் ஹூட். மொத்த எஞ்சினே 17 மீட்டர் சொச்சம். அதில் பெரும்பகுதி லாங் ஹூட்தான். எஞ்சின் லாங் ஹூட்டை முன்னால் வைத்து ஓடினால் டிரைவர் அத்தனை நீள இரும்புச் சுவரின் ஓரமாக எட்டிப் பார்த்தபடி ஓட்ட வேண்டும்.

ஜோலார்பேட்டையில் என் அத்தை வீடு. அங்கே மின்சாரக் கம்பி வருவதற்கு முந்தைய காலம். பக்கத்து வீட்டுத் தாத்தா டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். விடுமுறைக்குப் போனால் சாயங்காலம் அவரோடு ஸ்டேஷனுக்கு நடந்து போவேன். வண்டி உள்ளே வரும்போது அவர் முதலில் பார்ப்பது எந்தப் பக்கம் முன்னால் வருகிறது என்பதை. லாங் ஹூட் என்றால் "பாவம், இன்னைக்கு அசிஸ்டென்ட்டுக்குத் தொண்டை கட்டிடும்" என்பார். வலது பக்கம் வளையும் லைனில் டிரைவருக்கு எதுவும் தெரியாது. சிக்னல் வருவதற்கு முன்பே அசிஸ்டென்ட் தன் பக்க ஜன்னலில் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும், டிரைவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சிக்னலை இருவரும் சொல்லிக்கொள்வது எப்போதும் உள்ள விதிதான். லாங் ஹூட் முன்னால் இருந்தால் அந்த ஒரு குரலை நம்பித்தான் வண்டி.

அந்த நாளில் எனக்கு லாங் ஹூட் முன்னால் வருவதுதான் பிடிக்கும். பெரிய கறுத்த மார்போடு ஒரு யானை வருகிற கம்பீரம். தாத்தாவுக்கு ஏன் அது பிடிக்கவில்லை என்று புரிய வயது வர வேண்டியிருந்தது.

ஜூன் 6, மதியம் 1.15

"அப்படியானால் ஏன் அப்படிச் செய்தார்கள்?" என்று கேட்பவருக்கு: அமெரிக்காவில் பல கம்பெனிகள் லாங் ஹூட் முன்னால் வருவதையே விரும்பின. நீராவி எஞ்சினில் பாய்லருக்குப் பின்னால் உட்கார்ந்து பழகிய கூட்டம் அது. மோதல் நடந்தால் முன்னால் இருக்கும் இரும்பு தாங்கும் என்ற கணக்கும் உண்டு. ஒரே கேபினில் இரண்டு பக்கமும் ஓட்டலாம், திருப்பிப் போட டர்ன்டேபிள் தேவையில்லை என்பது பெரிய வசதி.

இதற்கு முந்தைய டபிள்யூடிஎம்-1-ஐ யாராவது நினைவில் வைத்திருக்கிறீர்களா? 1957-58-இல் வந்த 100 எஞ்சின்கள். உடம்பு முழு அகலம், ஒரு முனையில் மட்டும் கேபின், அதற்கு முன்னால் உருண்டு இறங்கும் மூக்கு. பார்க்க அமெரிக்கப் பயணிகள் டீசல் மாதிரியே அழகு. ஆனால் மறுமுனையில் மொட்டைச் சுவர். திரும்பி வர வேண்டுமானால் முழு எஞ்சினையும் திருப்ப வேண்டும். அந்த அழகு நிலைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். டபிள்யூடிஎம்-2 வந்தபோது மூக்கு போய் பக்கவாட்டில் நடக்க வாக்வே வந்தது, ஹூட் வந்தது.

ஜூன் 6, இரவு 8.40

முதல் கேள்வியில் "பாதி உயரப் பெட்டி" என்றாரே, அது ஜம்போ.

எழுபதுகளின் இறுதியில் 17 ஆயிரம் வரிசையில் சில டபிள்யூடிஎம்-2-களை ஷார்ட் ஹூட்டைத் தாழ்த்தி, கேபினின் முன் ஜன்னலைப் பெரிதாக்கிச் செய்தார்கள். கொஞ்சம்தான் செய்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். பார்த்தவுடன் தெரியும், சின்ன மூக்கும் பெரிய கண்ணும். டிரைவரின் கண்ணுக்காக முகத்தையே மாற்றிய முதல் முயற்சி என்று இதைத்தான் சொல்வேன். இந்த ஒரு வடிவத்துக்கு நம்மவர்கள் கொடுக்க வேண்டிய மரியாதை இன்னும் கொடுக்கவில்லை. ஜம்போ படம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எண் தெரியும்படி நல்ல ஸ்கேனாக எடுத்து வையுங்கள்.

ஜூன் 8, காலை 6.50

"டபிள்யூடிஎம்-2 கூட்ஸ் எஞ்சின். அதைப் பயணிகள் டீசல் வரிசையில் சேர்ப்பது தப்பு" என்று ஒருவர் கடுமையாக எழுதியிருக்கிறார். ஒப்புக்கொள்ள முடியாது.

டபிள்யூ என்பது பிராட் கேஜ், டி டீசல், எம் இரண்டு வேலைக்கும் என்று அர்த்தம். பி என்ற எழுத்தோடு, பயணிகள் வண்டிக்கென்றே பிராட் கேஜில் டீசல் வந்தது 1995-இல்தான், டபிள்யூடிபி-1. அதுவரை முப்பது வருடத்துக்கும் மேல் நம் மெயில், எக்ஸ்பிரஸ் எல்லாவற்றையும் இழுத்தது எம் எழுத்துக்காரர்கள்தான். 1969 மார்ச்சில் ஹௌராவுக்கும் டெல்லிக்கும் இடையே ஓடிய முதல் ராஜதானிக்கு முன்னால் நின்றது டபிள்யூடிஎம்-4. அது ஜெனரல் மோட்டார்ஸ் தயாரிப்பு, 72 எஞ்சின் மட்டும் வந்தது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நீளமான ரேக்கோடு (பெட்டி வரிசையோடு) ஓடிய நாளில் இரண்டு டபிள்யூடிஎம்-2 சேர்ந்து இழுத்தன. அந்த ஜோடி கிளம்பும் சத்தத்தைக் கேட்டவர் யாரும் அதைக் கூட்ஸ் எஞ்சின் என்று சொல்ல மாட்டார்.

இரட்டையாகப் போடும்போது இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டின் லாங் ஹூட்டையும் உள்பக்கம் பார்க்க வைத்துக் கோத்தால் இரு முனையிலும் ஷார்ட் ஹூட் வந்துவிடும். எந்தப் பக்கம் போனாலும் டிரைவருக்குப் பாதை தெரியும். மறுபடியும் அதே கண் விஷயம்.

ஜூன் 8, இரவு 10.20

பெயின்ட் பற்றி நான் மேலே எழுதியதில் ஒரு சேர்க்கை. வருடம் சொல்ல அது உதவாது என்பதில் மாற்றமில்லை. ஆனால் எந்த ஷெட் என்று சொல்ல அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. பொன்மலை, ஈரோடு, எர்ணாகுளம், தண்டையார்பேட்டை என்று நம் தென்னக ஷெட்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கலர் வைத்திருந்தன. வெயிலில் தூரத்திலேயே எந்த ஊர்க்காரன் என்று சொல்லிவிடலாம். ஆரம்பத்தில் ஏறக்குறைய எல்லா டபிள்யூடிஎம்-2-ம் அடர் சிவப்பு-பழுப்பில் மஞ்சள் பட்டையோடுதான் திரிந்தன. ஷெட்டுக்கு ஒரு உடை என்ற பழக்கம் மெல்ல மெல்லத்தான் வந்தது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. எழுபது, எண்பதுகளின் கலர் பிரின்ட்டில் நீலச்சாயம்தான் முதலில் மங்கும். ஆல்பத்துக்குள் இருட்டில் வைத்திருந்தாலும் மங்கும். அதனால் படம் முழுவதும் சிவப்பேறிவிடும். நீல எஞ்சின் ஊதாவாகத் தெரியும், வெள்ளைப் பட்டை ரோஸ் ஆகிவிடும். "இப்படி ஒரு ஊதா லிவரி இருந்ததா?" என்று இரண்டு தடவை பெரிய சண்டையே நடந்திருக்கிறது. படத்தில் வானத்தையும் ஜல்லியையும் பாருங்கள். ஜல்லி ரோஸாக இருந்தால் எஞ்சின் மேல் பழி போடாதீர்கள்.

ஜூன் 11, இரவு 9.00

மீட்டர் கேஜ் பற்றி யாரும் பேசவில்லையே. தமிழ்நாட்டில் என் வயதுக்காரர்களுக்கு முதல் டீசல் முகம் ஒய்டிஎம்-4 தான்.

விழுப்புரம் ஜங்ஷன். எழும்பூரிலிருந்து மின்சார எஞ்சின் ஒய்ஏஎம்-1 இழுத்து வரும். கம்பி அதோடு முடிந்தது. அங்கே அதைக் கழற்றிவிட்டு ஒய்டிஎம்-4 கோப்பார்கள். அந்த நேரம் முழுவதும் பிளாட்பாரத்தின் தலைப்பக்கம் நிற்க வேண்டும், அப்பா கையைப் பிடித்து இழுத்தாலும் சரி. டீக்காரர் சத்தம், மாட்டும்போது "டக்" என்று ரேக் முழுக்க ஓடும் அதிர்வு, பிறகு அந்த ஆறு சிலிண்டர் ஆல்கோ தடதடவென்று நாட்ச் (விசையைக் கூட்டும் படி) ஏறுவது.

ஒய்டிஎம்-4 என்பது டபிள்யூடிஎம்-2-ஐச் சின்னதாக்கியதுபோல் இருக்கும், ஆனால் அளவு வேறு. 1400 குதிரைத்திறன் அளவு, மணிக்கு 96 கிலோமீட்டர். மீட்டர் கேஜ் பாதையில் அது பெரிய வேகம். 1977 ஆகஸ்ட் 15-இல் வைகை ஓடத் தொடங்கியபோது மதுரைக்கும் மெட்ராஸுக்கும் இடையே பகலிலேயே போய்ச் சேரலாம் என்பதை நம்ப முடியாமல் பேசிக்கொண்டார்கள் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அதன் முகம் ஏன் அதிகம் மாறவில்லை என்பது யோசிக்க வேண்டியது. கேஜ் மாற்றம் வரப்போகிறது என்று தெரிந்த பாதைகளில் புது முகம் செய்ய யாரும் காசு போடவில்லை. அதனால் அறுபதுகளின் ஆல்கோ முகம் அப்படியே 2000 தாண்டியும் நம் ஊரில் ஓடியது. செங்கோட்டை-புனலூர் மலைப்பாதையில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஒய்டிஎம்-4 ஏறும். 2010-இல் அந்தப் பாதையை மூடும்வரை அதே முகம். குகைக்குள் ஏறி ஏறி ஹூட்டின் மேல்பக்கம் கரி படிந்து பெயின்ட்டே தெரியாது. குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகிறவர்கள் ஒய்டிஎம்-4-ஐ நெருக்கத்தில் பார்க்கலாம். குன்னூர் வரைக்கும் நீராவியையே பார்த்துவிட்டு, டீசல் மாட்டியதும் கேமராவை மூடிவிடாதீர்கள்.

ஜூன் 11, இரவு 9.25

ஒய்டிஎம்-4-இல் கொஞ்சம் கனடாவிலிருந்து வந்தவை, அவற்றுக்கு ஒய்டிஎம்-4ஏ என்று பெயர். வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. படத்தை வைத்துப் பிரிக்க முயலாதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

ஜூன் 14, மாலை 5.30

தண்டையார்பேட்டை நண்பர் ஒரு படம் போட்டிருக்கிறார், "டபிள்யூடிஎம்-2, சென்னை" என்று. எண் 11 ஆயிரத்தில் தொடங்குகிறது. இது டபிள்யூடிஎம்-7.

இது தென்னாட்டுக்கே உரிய பொக்கிஷம். எண்பதுகளின் பின்பாதியில் வாரணாசியில் 15 மட்டும் செய்தார்கள். 2000 குதிரைத்திறன், 12 சிலிண்டர், மணிக்கு 105 கிலோமீட்டர். முதலில் எர்ணாகுளம், பிறகு தண்டையார்பேட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் டபிள்யூடிஎம்-2 என்றே தோன்றும், அதனால்தான் இத்தனை படங்களில் தவறான குறிப்பு. 11001 முதல் 11015 வரை எண் இருந்தால் பெயரை மாற்றி எழுதிவிடுங்கள். 11101-இலிருந்து மேலே போனால் அது டபிள்யூடிஎம்-3டி, வேறு கதை.

ஜூன் 15, காலை 8.00

3டி கதையைக் கேட்டுவிட்டார்கள். சுருக்கமாக: 2600 குதிரைத்திறனில் இருந்த ஆல்கோவை 3100-க்கு ஏற்றியது முதலில் 2சி என்ற பெயரில் வந்து பிறகு 3ஏ ஆனது, 1994 வாக்கில். அடுத்து 3300-க்கு ஏற்றியது 3டி, 2003-இல். 3டியில் ஷார்ட் ஹூட்டின் தலையில், மோட்டாரையே பிரேக்காக்கும் டைனமிக் பிரேக்கின் பெட்டி ஏறி உட்கார்ந்திருக்கும். அதனால் முகமே தடித்துத் தெரியும். எனக்கு அந்த முகம் பிடித்ததில்லை. ஆனால் மலையிறக்கத்தில் அந்தப் பெட்டி செய்கிற வேலைக்கு முன்னால் என் பிடித்தம் ஒரு பொருட்டில்லை.

இடையில் டபிள்யூடிஎம்-3 என்று வெறுமனே ஒன்று உண்டு. ஜெர்மனியின் ஹென்ஷல் செய்த எட்டு டீசல்-ஹைட்ராலிக் எஞ்சின்கள், 1970. அதற்கும் 3ஏவுக்கும் எந்த உறவும் இல்லை.

ஜூன் 17, இரவு 11.10

எண்ணின் கடைசியில் ஆர் என்ற எழுத்து ஏன் என்று கேட்ட நண்பருக்கு: பட்டியாலாவில் பழைய டபிள்யூடிஎம்-2-களைப் பிரித்து மறுபடி கட்டினார்கள். அப்படி மறுபிறப்பு எடுத்தவற்றுக்கு எண்ணுக்குப் பின்னால் ஆர் போடுவார்கள். எண் பழையது, உடம்பின் பெரும்பகுதி புதியது. அதனால் 17 ஆயிரம் எண்ணும் ஆரும் சேர்ந்து இருந்தால் எண்ணுக்குரிய காலத்து முகத்தை அதில் தேடக்கூடாது.

அடியில் போகிகளையும், அதாவது சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களையும் பாருங்கள். பழைய ஆல்கோவின் ட்ரைமவுன்ட் போகியில் மூன்று அச்சுக்கு இடைவெளி சமமாக இருக்காது. ஒரு பக்கம் நெருக்கம், ஒரு பக்கம் அகலம். பக்கவாட்டுப் படத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தாலே தெரியும். பெயின்ட், விளக்கு, ஹூட் எல்லாம் மாறினாலும் அந்த இடைவெளி மாறாது. எஞ்சினின் கைரேகை அதுதான்.

பக்கவாட்டில் சின்ன எழுத்தில் கடைசி ஓவர்ஹால் தேதியும் எழுதியிருப்பார்கள். படம் தெளிவாக இருந்தால் பெரிதாக்கிப் படியுங்கள். அந்தத் தேதிக்கு முன்னால் அந்தப் படம் எடுத்திருக்க முடியாது.

ஜூன் 20, இரவு 8.30

இப்போது என் கண்மணிக்கு வருகிறேன். டபிள்யூடிபி-3ஏ.

1998-இல் டபிள்யூடிபி-2 என்ற பெயரில் பிறந்தது. மொத்தம் 44. உள்ளே அதே ஆல்கோ, 3100 குதிரைத்திறன். வெளியே அதுவரை நம் டீசலில் பார்க்காத உருவம்: இரண்டு முனையிலும் கேபின், காற்றைக் கிழிக்கும்படி சாய்ந்த முகம், பெரிய முன்கண்ணாடி. டிரைவர் முதன்முறையாக வண்டியின் முன்நெற்றியில் உட்கார்ந்தார். லாங் ஹூட், ஷார்ட் ஹூட் என்ற பேச்சே இல்லை. பொன்மலை ஷெட் இவற்றை வைத்திருந்தது. கொங்கண் வழியாகப் போகும் திருவனந்தபுரம் ராஜதானியை அந்த நாளில் இழுத்தவை இவைதான்.

எழும்பூர் பாதை பிராட் கேஜ் ஆன பிறகு, வேலைக்காகத் திருச்சிக்கு அடிக்கடி போய்வந்த காலம். பிளாட்பாரத்தில் இது முன்னால் நின்றால் பெட்டி எண்ணைக்கூடப் பார்க்காமல் முதலில் முன்னால் நடந்துபோய் நின்றுவிட்டு வருவேன். ஒரு தடவை டிரைவர் கீழே இறங்கிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பழைய வண்டிக்கும் இதுக்கும் என்ன சார் வித்தியாசம்?" என்றேன். "கேட் தெரியுது தம்பி" என்றார். அவ்வளவுதான். இழுவை, வேகம் எதையும் சொல்லவில்லை. லெவல் கிராசிங் கேட் தூரத்திலிருந்தே தெரிகிறது என்பதுதான் அவருக்கு வித்தியாசம். ஜோலார்பேட்டைத் தாத்தா சொன்னதன் மறுபக்கம் எனக்கு அன்றைக்குக் கிடைத்தது.

இத்தனை நல்ல வடிவத்தை 44-ஓடு நிறுத்தியது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

ஜூன் 21, காலை 7.40

"நிறுத்தியதற்குக் காரணம் ஜெனரல் மோட்டார்ஸ் டெக்னாலஜி வந்ததுதானே" என்கிறார் ஒருவர். ஆமாம், டபிள்யூடிபி-4 வந்தது. 2001-இல் முதல் எஞ்சின்கள் அமெரிக்காவிலிருந்து வந்தன, 4000 குதிரைத்திறன். மோட்டார், மைக்ரோபிராசஸர், எண்ணெய்ச் செலவு எதிலும் ஆல்கோ பக்கத்தில் நிற்க முடியாது. அதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

ஆனால் முகத்தைப் பாருங்கள். மறுபடியும் ஒரே கேபின், மறுபடியும் லாங் ஹூட். 1998-இல் தீர்த்த பிரச்சினையை 2001-இல் திரும்ப வாங்கினோம். ஷார்ட் ஹூட் முன்னால் இருந்தால் அருமை, திரும்பி வரும்போது பழைய கதை. அதிவேக வண்டிக்கென்றே வந்த எஞ்சினில் இது எத்தனை பெரிய குறை என்று ஓட்டியவர்களைக் கேட்க வேண்டும். கடைசியில் வாரணாசியிலேயே அதன் மறுமுனையிலும் ஒரு கேபினை வைத்து டபிள்யூடிபி-4டி செய்தார்கள். நீலமும் க்ரீமுமாக இரண்டு பக்கமும் முகம். படத்தில் 4, 4பி, 4டி பிரிக்க முடியாமல் திணறுகிறவர்கள் முதலில் இரண்டு முனையிலும் கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 4டி.

ஜூன் 21, இரவு 10.00

கொஞ்சம் விலகிப் போகிறேன். புகையும் தோற்றத்தில் சேருமா? என்னைக் கேட்டால் சேரும்.

ஆல்கோ ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது டிரைவர் நாட்ச் ஏற்றியவுடன் கரும்புகை கொட்டும். டீசல் உடனே அதிகமாக உள்ளே போய்விடும், டர்போ வேகம் பிடித்துக் காற்றைத் தள்ள சில நொடி ஆகும். அந்த இடைவெளியில் எரியாத எண்ணெய்தான் கரும்புகை. டர்போ எழுந்தவுடன் புகை மெலிந்து சத்தம் மாறும். எண்பதுகளில் எடுத்த நல்ல படங்களில் பாதி இந்தச் சில நொடியில் எடுத்ததுதான். ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சினில் இந்த நாடகம் அவ்வளவு கிடையாது. ஊருக்கு அது நல்லது என்று தெரியும். ஆனாலும் எனக்கு ஆல்கோவின் அந்த மூச்சு வேண்டும்.

ஜூன் 24, மாலை 6.15

முதல் கேள்வியைக் கேட்ட நண்பர் இன்னொரு படம் அனுப்பியிருக்கிறார். "18 ஆயிரம் எண், அதனால் அறுபதுகள் என்று எழுதிவிடட்டுமா?"

எழுதாதீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எண் 18 ஆயிரம், ஆர் இல்லை. சரி, எஞ்சின் பழைய வரிசையைச் சேர்ந்தது. ஆனால் விளக்கு இரட்டை பீம். கேபின் மேல் பிளாஷர் தெரிகிறது. கப்ளர் பக்கத்தில் மெல்லிய ஹோஸ்கள், அதோடு தடி ஹோஸும் நிமிர்ந்து நிற்கிறது. ஆக இது 2ஏ ஆக மாற்றியது. பின்னால் முதல் இரண்டு பெட்டி நீலம், மூன்றாவது செங்கல் சிவப்பு. மின்கம்பி இல்லை. தொண்ணூறுகள் என்று போடுங்கள், அதற்கு மேல் நெருக்கிச் சொல்ல இந்தப் படத்தில் எழுத்து தெளிவில்லை. ஓவர்ஹால் தேதி இருக்கும் இடத்தில் உங்கள் ஸ்கேன் மங்கியிருக்கிறது.

ஜல்லி ரோஸாக இருக்கிறது, கவனித்தீர்களா? அந்த ஊதாப் பட்டை நீலமாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு வேலை செய்யுங்கள். பிரின்ட்டை ஆல்பத்திலிருந்து கழற்றி, எண்ணும் ஓவர்ஹால் தேதியும் உள்ள பகுதியை மட்டும் 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். பின்பக்கத்தையும் தனியாக ஸ்கேன் செய்யுங்கள். பேப்பர் கம்பெனியின் முத்திரையும், சில சமயம் லேப் போட்ட மாதமும் அங்கே இருக்கும்.